பம்ப் டிரைவ் மாத்தியாச்சு என்றார், நம்பினோம்

தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்பு போடும் என் மாமனாரிடம் மூன்று சிலிண்டர் மாஸி பெர்குசன் 35 டிராக்டர் ஒன்று இருக்கிறது. இதற்கு முந்தைய நாலு சிலிண்டர் மாடலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவது பெரும்பாடு என்பார்கள். இது அப்படியில்லை, ஒரே கிராங்கில் பிடிக்கும். இந்த ஜூனில்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் வெள்ளைப் புகை, ஐட்லிங்கில் ஏற்ற இறக்கம், டிரெய்லரில் கரும்பு ஏற்றினால் இழுவை இல்லை. "மாப்பிள்ளை, சத்தமே மாறிப் போச்சு பாருங்க" என்றார் மாமா.

ஊரில் பேர் போன ஒரு பட்டறையில் விட்டோம். டீசல் பம்பைச் சுற்றும் சின்னத் தண்டான குயில் ஷாஃப்டில் ஸ்பிளைன் (தண்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) தேய்ந்துவிட்டது, அந்த ஷாஃப்டையும் அதை ஓட்டும் வார்ம் கியர் என்ற திருகுப் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நோயைச் சரியாகத்தான் சொன்னார்கள், அதை மறுக்கவில்லை. 4,800 ராண்ட். மூன்றாம் நாள் வண்டி நன்றாக ஓடியது. பழைய பாகத்தைக் கேட்டதற்கு, "குப்பையில் போயிருக்கும் அண்ணே" என்று பட்டறைக்காரர் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம்.

மூன்றே வாரம். வெட்டு உச்சத்தில் இருக்கும்போது அதே புகை, அதே தள்ளாட்டம். எரித்த கரும்பு வயலில் காய்கிறது, ஆலைக்கு ஏற்ற வண்டி இல்லை. பக்கத்து நிலத்துக்காரரின் பழைய ஃபால்யாப்பியை (சாம்பல் நிறச் சின்ன பெர்குசன் டிராக்டர்) கெஞ்சி வாங்கி ஓட்டினோம்.

வெருலம் ஊரில் இருந்து ஒரு பெரியவரை, பழைய மெக்கானிக்கை, வரவழைத்தோம். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்பே பம்பின் அடியைக் காட்டினார். பம்ப் ஃபிளாஞ்சிலும் (பம்பை எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) எஞ்சினிலும் ஒவ்வொரு கோடு வெட்டியிருக்கும், இரண்டும் நேராக நிற்க வேண்டும். எங்களுடையது 3 மில்லிமீட்டர் போல விலகி நின்றது. பட்டறைக்கு விடுவதற்கு முன் நான் எதற்கோ எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதில் கோடுகள் நேராக இருந்தன!

நடந்தது இதுதான். ஸ்பிளைன் தேய்ந்தால் பம்ப் பின்தங்கி, டீசல் தாமதமாகப் பீச்சும். பாகத்தை மாற்றாமல், ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி பம்பை லேசாகத் திருப்பி, டீசல் பீச்சும் நேரத்தை (டைமிங்) முன்னால் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஆனால் தேய்ந்த பல்லின் ஆட்டம் (பிளே) உள்ளேயே இருக்கிறது, தேய்மானமும் நிற்பதில்லை. பம்பை எடுத்ததும் ஷாஃப்ட் வெளியே வந்தது. பல்லின் ஓரத்தில் நகத்தை வைத்தேன், தேய்ந்து விழுந்த படியில் மாட்டிக்கொண்டது. புதுசாம்!

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 67: நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை, கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்திருந்து நம்மிடம் திருப்பித் தர வேண்டும். பிரிவு 57: ரிப்பேரில் போட்ட பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது மூன்று மாத வாரண்டி. பழைய டிராக்டரை ரிப்பேருக்கு விடுகிறவர்கள், பம்ப் கோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாகங்களின் பெயரைப் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பில்லில் "பம்ப் வேலை" என்று மட்டும்தான் இருந்தது, அதுவும் பென்சிலில்.

பெரியவர் புது ஷாஃப்டும் வார்மும் போட்டு, கோட்டை நேராக்கிக் கொடுத்தார். பட்டறைக்காரருக்கு இரண்டு பிரிவையும் குறிப்பிட்டு, இரண்டு போட்டோவையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். இதுவரை 1,500 ராண்ட் வந்திருக்கிறது. போனை எடுப்பதில்லை.