ஏஜென்சி என்று நம்பி டொமைனை இழக்கவிருந்தோம்

எங்கள் சிறு நிறுவனத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தபோது, ஒரு ஃப்ரீலான்சரும் ஒரு ஏஜென்சியும் விலை கொடுத்திருந்தார்கள். தனி ஆள் நோயில் படுத்தால் வேலை நின்றுவிடும், ஏஜென்சியில் ஒருவர் விலகினாலும் இன்னொருவர் தொடர்வார் என்று எண்ணி, ஏறக்குறைய இரு மடங்கு கட்டணம் கேட்ட ஏஜென்சியிடமே ஒப்படைத்தோம்.

முதல் கூட்டத்தில் அனுபவமுள்ள வடிவமைப்பாளர் ஒருவரும் திட்ட மேலாளர் ஒருவரும் வந்திருந்தார்கள். பாதித் தொகையை முன்பணமாகச் செலுத்திய பிறகு அவர்களை நாங்கள் பார்க்கவே இல்லை. நான்காவது மாதத்தில், முன்பின் அறியாத ஒருவர் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். எங்கள் தளத்தை உண்மையில் எழுதிவந்தவர் தாம்தான் என்றும், ஏஜென்சி தமக்குக் கூலி தராததால் வேலையை நிறுத்திவிட்டதாகவும் தெரிவித்தார். எந்த ஆபத்துக்கு அஞ்சி ஃப்ரீலான்சரைத் தவிர்த்தோமோ, அதே ஆபத்தை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தோம்.

அதன்பின் தெரியவந்தவை இன்னும் மோசமானவை. நிர்வாக வசதிக்காக என்று சொல்லி எங்கள் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரை, ஏஜென்சியினர் தங்கள் கணக்குக்கு மாற்றியபோது, உரிமையாளர் பெயரையும் தங்களுடையதாகவே பதிந்திருந்தார்கள். டொமைன்களைப் பதிவு செய்து தரும் வேறொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான அங்கீகாரக் குறியீட்டை, உரிமையாளர் கேட்டால் 5 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் பதிவேட்டின்படி நாங்கள் உரிமையாளரே அல்ல. பழைய விலைப்பட்டியல்களையும் வணிகப் பதிவுச் சான்றையும் காட்டி, மீதித் தொகையில் ஒரு பகுதியையும் செலுத்திய பிறகே பெயரை மாற்றித் தந்தார்கள். பெயர் மாறியதும், வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாத 60 நாள் பூட்டு விழுந்ததால், அது நீங்கும்வரை டொமைனை அவர்கள் தேர்ந்தெடுத்த பதிவு நிறுவனத்திலேயே வைத்திருக்க நேர்ந்தது. இடையில் அது காலாவதியாகிவிடுமோ என்ற கவலையில் நாங்கள் கழித்த நாட்கள் கொடுமையானவை.

தளம் வேர்ட்பிரஸில் அமைந்திருந்தது. வேர்ட்பிரஸ், இணையதளம் அமைக்க யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்தான். அதன்மேல் போட்ட கட்டணத் தீமுக்கு (தளத்தின் தோற்ற வடிவமைப்புக்கு) லைசென்ஸ் வாங்கியதாக எங்களிடம் பணம் பெற்றிருந்தார்கள். கையில் வந்ததோ திருட்டு நகல். அத்தகைய நகல்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் முறையாக வருவதில்லை என்பதோடு, பலவற்றில், வெளியார் தளத்துக்குள் ரகசியமாக நுழைய வழிவிடும் பின்வாசல் நிரல்களும் ஒளிந்திருக்கும். ஆகவே எழுதப்பட்ட எதையும் பயன்படுத்தாமல் மீண்டும் தொடங்கினோம்.

இப்போது ஒரு ஃப்ரீலான்சர் செய்துவருகிறார். ஏஜென்சிகள் எல்லாம் ஏமாற்றுபவை என்று நான் சொல்லவில்லை. பல துறைத் திறமை ஒருங்கே தேவைப்படும் பெரிய வேலைக்கு அவை வேண்டியவையே. யாரிடம் கொடுத்தாலும், வேலையை வெளியாருக்குக் கொடுப்பீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். டொமைன் கணக்கையும், தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையின் கணக்கையும் நீங்களே திறந்து, அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். நிரலின் பதிப்புரிமை முழுத் தொகை செலுத்தியதும் உங்களுக்கு மாறும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பல நாடுகளில், எழுத்தில் இல்லாவிட்டால் அது எழுதியவரிடமே தங்கிவிடும்.

அந்த ஏஜென்சியின் பக்கத்தில், முடித்த பணிகள் என்ற தலைப்பின்கீழ் எங்கள் தளத்தின் படம் இன்றும் இருக்கிறது. இத்தகைய பட்டியலைக் காட்டினால், அதிலுள்ள இரண்டு வாடிக்கையாளர்களையாவது அழைத்து, அவர்களுடைய டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.