வாக்கரா, நடைவண்டியா?

குழந்தை உட்காரத் தொடங்கியதும் வீட்டுக்குள் ஒரு வாக்கர் வந்துவிடும். பெரும்பாலும் நாம் வாங்குவதில்லை, யாராவது பரிசாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். எங்களுக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து வாக்கர் வந்தது. அம்பாசமுத்திரம் போனபோது மர நடைவண்டி ஒன்றை நாங்களே வாங்கினோம். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நடைவண்டியோடு நின்றுவிட்டோம்.

வாக்கரின் வசதி எல்லோருக்கும் தெரியும். பாட்டு, பொம்மை, முன்னால் ஒரு தட்டு. நாலு தோசை ஊற்றி முடிக்கும்வரை குழந்தை அழாது. ஆபத்தும் தெரிந்ததுதான்: படிக்கட்டு. கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது.

எங்களுக்கு முடிவெடுக்க உதவியது வேறொரு விஷயம். உடம்பின் எடையை யார் சுமக்கிறார்கள்? வாக்கரில் துணி இருக்கை சுமக்கிறது. நுனிக்காலால் தரையை உதைத்தால் போதும், வண்டி நகர்ந்துவிடும். இடுப்பு, முதுகு எதற்கும் வேலை இல்லை. சாய்ந்தால் விழுவோம் என்பதும் தெரியவராது. போதாததற்கு அந்தத் தட்டு வேறு காலை மறைக்கிறது. தன் பாதம் எங்கே போகிறது என்று குழந்தையால் பார்க்க முடியாது.

நடைவண்டியில் முதலில் எழுந்து நின்றாக வேண்டும். ஆரம்பத்தில் வண்டி முன்னால் ஓடும், கால் பின்தங்கும், உடம்பு வில்லாக நீண்டு கடைசியில் முட்டி தரையில் இடிக்கும். கொஞ்ச நாள் போனால் கைப்பிடியில் தொங்குவது குறையும். வண்டி வேகமெடுத்தால் பின்னுக்கு இழுக்கத் தெரியும். சுவரில் முட்டினால் முதலில் அழுகை, அப்புறம் கைப்பிடியைத் தூக்கி வண்டியையே திருப்பிக்கொள்ளும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குழந்தைகள் நடக்கக் கற்பதை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாட விட்டு எண்ணினார்கள்: சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், 17 முறை விழுதல். வாக்கரில் அந்த 17உம் கிடையாது. அயர்லாந்தில் செய்து 2002இல் வந்த ஆய்வில், வாக்கரில் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நடப்பது மூன்று நாளுக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போயிருந்தது. வாக்கர்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. வாக்கரில் அதிகம் விடும் வீடுகள் வேறு விதங்களிலும் வேறுபடலாம்.

வாக்கருக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஜோசப் காம்போஸ் குழுவின் சோதனையில், இன்னும் தவழாத, ஆனால் வாக்கரில் சுற்றித் திரிந்த குழந்தைகளைக் கண்ணாடி மூடிய பள்ளத்தின் மேல் இறக்கியபோது நெஞ்சுத் துடிப்பு வேகமானது. தானாக இடம்விட்டு இடம் போகும் அனுபவம், அது வாக்கரில் கிடைத்தாலும், ஆழத்தை உணரக் கண்ணைப் பழக்குகிறது போலும். காலுக்கு அந்த அளவு லாபம் இல்லை.

நடைவண்டியையும் சீக்கிரம் கொடுக்கக் கூடாது. எதையாவது பிடித்துத் தானே எழுந்து நிற்கும்வரை பாய்தான் சரி. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் வருமே: ஒரு காலை மடக்கி, ஒன்றை நீட்டி, கைகளை ஊன்றித் தலை தூக்கி ஆடுவது. அந்த ஆட்டத்துக்குத் தரை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17½ மாதம்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதனால் அவசரமும் இல்லை.

டைல்ஸ் தரையில் நடைவண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். சட்டத்தில் ஒரு சின்ன அரிசிப் பையைக் கட்டினோம், வேகம் அடங்கியது. அச்சு கிறீச்சிட்டால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கார்ப்பெட் தரையில் எப்படிப் போகும் என்று நான் பார்த்ததில்லை. விற்க நினைத்தால் வாக்கர்தான் சட்டென்று போகும். நடைவண்டியைக் காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு, அடுத்து யார் வீட்டில் குழந்தையோ அங்கே போய்விடும்.

வாங்கும்போது கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், பின்பக்கம் கவிழக் கூடாது. ஆணி முனை எங்கும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சாயம் விரலில் ஒட்டினால் வேண்டாம், எப்படியும் கைப்பிடியைக் கடிக்கப்போகிறது. படிக்கட்டுக்குத் தடுப்பு இதற்கும் தேவை.