காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு: பழைய சாமான் கடைகள்

பழைய பொருள் பிடிக்கும்னா இந்தத் தெருவுக்கு கண்டிப்பா போங்க. செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் வர்ற சாமானெல்லாம் இங்கதான் குவியுது, தேக்குத் தூண், ஊறுகாய் ஜாடி, பர்மாவுல இருந்து வந்த அரக்குப் பெட்டி, பழைய பிஸ்கட் டப்பான்னு ஒரே கடையில கலந்து கிடக்கும்.

எனக்கு உயிரே எனாமல் சாமான்தான். ஸ்வீடன் காக்கம்ஸ் கம்பெனி கிண்ணம், தூக்கு எல்லாம் அந்தக் காலத்து நிறம் மங்காம அப்படியே இருக்கு, அடியில முத்திரை இருக்கான்னு திருப்பிப் பாருங்க, விளிம்புல எனாமல் பெயர்ந்து துரு ஏறியிருந்தா அழகுக்கு வச்சுக்கலாம், சாப்பிட வேணாம்.

ரவி வர்மா படம் வாங்குறவங்க மட்டும் கவனம். அவரோட அச்சகம் 1894ல பம்பாயில ஆரம்பிச்சது, ஆனா மாட்டியிருக்கறதுல நிறைய பின்னாடி அடிச்ச காப்பி. லென்ஸ் வச்சுப் பாத்தா புள்ளி வரிசையா ஒரே மாதிரி இருந்தா அது புது அச்சு. பழைய ஃப்ரேம்ல போட்டுட்டா வெறும் கண்ணுக்குத் தெரியாது.

விலை எதுலயும் எழுதியிருக்காது, பேசித்தான் வாங்கணும். பெரிய தூண், கதவை விட மூலையில தூசி படிஞ்சு கிடக்குற சின்ன சாமான்லதான் நல்லது மாட்டும், பொறுமையா தேடுங்க.