மூன்று தோட்டாக்கள், ஒரே ஆழம்: .275, .375, .470

ஆப்பிரிக்கப் பெருவிலங்கு வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் பெல்லின் பெயரை எடுத்துவிடுவார். உகாண்டாவின் கரமோஜா பகுதியில் அலைந்து திரிந்ததால் ‘கரமோஜோ’ பெல் என்று பெயர்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் அவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பகுதியை வீழ்த்தியது .275 ரிக்பி, அதாவது 7×57 மவுசர் என்னும் சிறிய தோட்டா. (.275 போன்ற எண்கள் ஏறக்குறைய குண்டின் விட்டத்தை அங்குலத்தில் சொல்பவை.) மான் வேட்டைக்கு எடுத்துப்போகும் அளவுதான் அது. பெல்லுக்கு அது போதுமென்றால் .470 போன்ற பருத்த தோட்டா எதற்கு என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. செத்த யானைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டே விடை சொல்லலாம்.

தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து செல்வது குண்டு. மூன்று தோட்டாக்களின் குண்டுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெல்லின் 7 மி.மீ. குண்டு பென்சில் பருமன்; 11.2 கிராம், ஒன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் குண்டு 9.5 மி.மீ.; 19.4 கிராம், ஏறத்தாழ இரண்டரைப் பவுன். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 12 மி.மீ., சுண்டுவிரல் பருமன், 32.4 கிராம், நான்கு பவுனுக்கு மேலேயே நிற்கும். குழலை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு முறையே சுமார் 700, 770, 655 மீட்டர். ஆற்றல் சுமார் 2,700, 5,800, 6,900 ஜூல்.

பெரும்பாலோர் இந்த ஜூல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். குண்டின் எடையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். சதுர மில்லிமீட்டருக்கு 7 மி.மீ. குண்டில் 0.27 கிராம், .375 குண்டில் 0.27, .470 குண்டில் 0.28. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று! கோணி ஊசி சாக்கைத் துளைப்பது அதன் கனத்தால் அல்ல, அழுத்தும் விசை முழுவதும் ஒரு முனையில் குவிவதால். குண்டுக்கும் அதே நியாயம்தான். யானையின் மூளையைச் சுற்றியிருப்பது தேன்கூடு போல அறை அறையாக அமைந்த எலும்பு. அதற்குள் புகுந்து போகும் ஆழத்தில் பெல்லின் சிறிய குண்டு பெரிய குண்டுகளுக்கு அதிகம் இளைத்ததல்ல.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முனை வரை கடின உலோக உறை போர்த்திய, உருக்குலையாத குண்டாக அது இருக்க வேண்டும். ஈய முனை வெளியே தெரியும் மென்குண்டு பட்டவுடன் காளானைப்போல விரியும். பரப்புக் கூடிவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். சிங்கத்துக்கு அந்த விரிவு வேண்டும். யானையின் தலைக்கு அது கூடவே கூடாது. பெல் உறைக்குண்டையே நம்பினார். யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

அப்படியானால் .470 வீணா? இல்லை. துளையின் பரப்பைப் பாருங்கள்: 41, 71, 114 சதுர மில்லிமீட்டர். மூளையில் பட்டால் மூன்றும் ஒன்றுதான். இரண்டு அங்குலம் தவறினால் 7 மி.மீ. குண்டால் யானை நிலைகுலையாது; .470 குண்டோ பெரும்பாலும் அதைத் தடுமாற வைக்கும். அந்தச் சில வினாடிகளில்தான் .470 இரட்டைக்குழல் துப்பாக்கியின் இரண்டாவது குழல் பேச வேண்டும். பெல் மனிதரைக் கண்டு மிரளாத யானைகளை, நல்ல கோணம் அமையும் வரை காத்திருந்து சுட்டவர். காயம்பட்ட எருமை புதருக்குள்ளிருந்து பாய்ந்து வரும்போது, வேட்டைக்கு வந்தவரின் அருகே நிற்கும் வழிகாட்டிக்குக் கோணம் பார்க்க ஏது நேரம்? பெல்லை அவருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

.470 தோட்டாவில் வெடிமருந்து அடைக்கும் பித்தளைக் கூடு ஏன் அவ்வளவு நீளம், 82 மி.மீ.? காரணம் வெயில். அந்தக் கால வெடிமருந்தான கார்டைட், இடியாப்ப இழை போல நீள இழைகளாக வரும். நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்த அதே மருந்துதான். சூடு ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறும்; வெப்ப நாட்டில் பித்தளைக் கூடு குழலுக்குள்ளேயே இறுகிச் சிக்கிக்கொள்ளும். எதிரே யானை நிற்கும்போது கூடு வெளியே வராவிட்டால் என்ன ஆகும்? அதனால் கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்தார்கள். .470 என்ற அளவு தழைத்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. .450 தோட்டாக்கள், அதே குழல் அளவுள்ள பழைய ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியை வைத்திருக்கும் கிளர்ச்சியாளர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 1907-இல் அந்தக் காலிபரை, அதாவது குழல் அளவை, இங்கே தடை செய்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று நகர்ந்தன. அவற்றில் நின்று நிலைத்தது .470.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். சுமார் ஐந்து கிலோ எடையுள்ள இரட்டைக்குழலில்கூட அதன் உதைப்பு 90 ஜூலைத் தொடும். .375-க்கு 50, ரிக்பிக்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த உதை வரப்போகிறது என்று அறிந்த தோள் விசையை இழுக்கும் முன்பே சுருங்கும்; குறி அங்கேயே போய்விடும். மேலும் இரண்டு குழல்களும் குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கு, குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றுசேரும்படி இழைத்துப் பொருத்தப்பட்டவை. தோட்டாவை மாற்றினால் இடக்குழல் ஒரு பக்கம், வலக்குழல் ஒரு பக்கம். நூறு மீட்டருக்கு அப்பால் அதை நம்பி நான் எதையும் சுடச் சொல்ல மாட்டேன்.

1912-இல் வந்த .375-ஐத்தான் நான் முதலில் வைப்பேன். 72 மி.மீ. நீளக் கூடு மெல்லச் சரிந்து குறுகுவதால் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். குண்டு செல்லும் பாதை, மான் வேட்டைக்குப் பெயர்போன .30-06-இன் கனமான குண்டுடைய பாதையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆகவே இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானுக்கும் இருபது மீட்டரில் நிற்கும் எருமைக்கும் ஒரே துப்பாக்கி போதும். பல ஆப்பிரிக்க நாடுகளில் பெருவிலங்குக்கான குறைந்தபட்ச அளவு இதையொட்டியே அமைந்திருக்கிறது. ஜிம்பாப்வேயில் யானைக்கும் எருமைக்கும் 9.2 மி.மீ., 5.3 கிலோஜூல் என்பது வரம்பு; .375 அதைத் தாண்டிவிடும். பெல்லின் ரிக்பி அதில் பாதியைத்தான் எட்டும்.

ஒருவருக்கு .375-இன் உதைப்பே தாங்கவில்லையென்றால் 7 மி.மீ. துப்பாக்கியோடு மானை மட்டும் தேடிப் போகட்டும். வழிகாட்டியின் கையில் மட்டும் .470 இருக்கட்டும், இரண்டு குழலிலும் உறைக்குண்டோடு.