சான்டியாகோ – மெண்டோசா: அந்த 196 கிலோமீட்டரை நம்பாதீர்கள்

டிசம்பரில் சிலியின் சான்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மெண்டோசா போகப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார், "வான்வழியில் 196 கிலோமீட்டர்தானே, ஏறினால் இறங்கிவிடலாம் இல்லையா?" நான்கு வருடமாக மாதம் ஒரு தடவையாவது இந்த விமானத்தில் போய்வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 196 வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு. நடுவில் ஆண்டிஸ் மலைத்தொடர் நிற்கிறது. பறப்பது என்னவோ 50 நிமிடம்தான், ஆனால் இது நாடு விட்டு நாடு போகும் பயணம், முன்கூட்டியே போய் வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, அந்தப் பக்கம் சுங்கச் சோதனையும் முடித்து வீடு சேர ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

இருந்தும் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் ஒரு பத்து நிமிடம். போகும்போது இடப்பக்க ஜன்னல், வரும்போது வலப்பக்கம். வானம் தெளிவாக இருந்தால் அக்கோன்காகுவா தெரியும், 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயரமான மலை கிடையாது. இத்தனை தடவை பார்த்த பிறகும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

மேலைக்காற்று மலையில் மோதி எழும்பி, அர்ஜென்டினா பக்கம் அலை அலையாக இறங்குவதால் குலுக்கல் உண்டு. 1972 அக்டோபரில் மெண்டோசாவிலிருந்து கிளம்பிய உருகுவே விமானப்படை விமானம் இந்த இடத்தை நேராகத் தாண்டும் திறன் போதாமல் தெற்கே சுற்றிப் போனது, மலையைக் கடந்துவிட்டோம் என்று நினைத்துச் சீக்கிரமே வடக்கே திரும்பி மோதியது. 45 பேரில் 16 பேர்தான் பிழைத்தார்கள், அதுவும் 72 நாள் கழித்து. அதனால் காற்றைக் காரணம் சொல்லி விமானத்தை நிறுத்தினால் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் போன வாரம் நடந்தது வேறு. மெண்டோசாவில் சோண்டா அடித்தது, மலையிலிருந்து இறங்கும் அந்தச் சூடான வறண்ட காற்று குளிர்கால முடிவில் அடிக்கடி வரும். விமானம் ரத்து, சரி. அதைச் சொல்ல ஒன்பது மணி நேரமா? கவுன்டரில் ஆளே இல்லை, குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் தரையில் படுத்திருந்தார், தண்ணீர்கூடத் தரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நண்பருக்கு என் பதில், பேருந்து. சாலையில் 360 கிலோமீட்டருக்கு மேல், எல்லைச் சோதனையோடு ஏழெட்டு மணி நேரம் ஆகும், ஜூன் ஜூலையில் என்றால் பனி கொட்டி கணவாயையே மூடிவிடுவார்கள், டிசம்பரில் அந்தக் கவலை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 3,200 மீட்டர் உயரத்துச் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் அதே அக்கோன்காகுவா கீழிருந்து தெரியும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் நானும் அதில்தான் போகிறேன்.