ஐநேச்சுரலிஸ்ட்: ஸ்கூலுக்கும் ஊருக்கும் நடுவுல நல்லா வேலை செய்யற ஆப், ஹோம்வொர்க்கா மட்டும் குடுத்துடாதீங்க

ஸ்கூலையும் ஊரையும் சேர்க்கறோம்னு வர்ற ஆப் பாதி கடைசில பேரன்ட்ஸுக்கு நோட்டீஸ் அனுப்பறதோட நின்னுடும். சுத்தி இருக்கற உயிரினங்கள போட்டோவோட பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் அந்த ரகம் இல்ல, இது ஸ்கூலுக்குன்னு செஞ்சதே கிடையாது. 2008ல அமெரிக்காவோட பெர்க்லி யுனிவர்சிட்டில முதுகலை படிச்சவங்க ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்சது, இப்போ லாபநோக்கு இல்லாத தனி அமைப்பு, யூஸ் பண்ண காசு வேண்டாம்.

செடி, பூச்சி, பறவை எதையாவது போட்டோ எடுத்துப் போட்டா ஆப் ஒரு பேரை யூகிச்சு சொல்லும், அதோட விட்டா அது வெறும் விளையாட்டுதான், ஆனா அப்புறம் முன்னபின்ன தெரியாத யாரோ வந்து "இது அது இல்ல, இறக்கைய பக்கவாட்டுல எடுத்துப் போடுங்க"ன்னு திருத்துவாங்க பாருங்க, அங்கதான் படிப்பே ஆரம்பிக்குது. பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துக்கிட்டாதான் 'ரிசர்ச் கிரேட்', அதாவது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்ங்கற தரம். லைசென்ஸ் சரியா இருந்தா உலகம் முழுக்க உயிரினப் பதிவுகள சேர்த்து வெக்கற ஜிபிஐஎஃப் டேட்டாபேஸுக்கும் அது போயிடும். எட்டாவது படிக்கற புள்ள எடுத்த தும்பி போட்டோவ ஒரு ஆராய்ச்சியாளர் எடுத்து யூஸ் பண்ணலாம்னா சும்மாவா!

எனக்குப் புடிச்சது கலெக்‌ஷன் ப்ராஜெக்ட். இடத்தையும் தேதியையும் குடுத்து வெச்சுட்டா அந்த எல்லைக்குள்ள யார் போட்டாலும் தானா வந்து சேந்துக்கும், வாக்கிங் போற ரிட்டயர்டு ஆளு, தோட்டக்காரர், யார் வேணா இருக்கலாம். போட்டோவ புள்ளைங்க எடுத்துடும், எந்த மழைக்கு அப்புறம் இந்தப் பூச்சி கிளம்பும்னு சொல்ல தாத்தா பாட்டிதான் வேணும், அத எழுத நோட்ஸ் பகுதி இருக்கு, பலர் அத கண்டுக்கறதே இல்ல.

5க்கு 4 குடுப்பேன். ஹோம்வொர்க்கா "ஆளுக்கு இருபது போட்டோ, நாளைக்குள்ள"ன்னு டீச்சர் சொன்னா தொட்டி ரோஜாவும் பிரெண்டு மூஞ்சியும்தான் வரும், தொட்டிச் செடி எல்லாம் ரிசர்ச் கிரேட் ஆகாத 'கேஷுவல்' பிரிவுல போய் உக்காந்துடும், திருத்தறவங்களுக்கும் வெறுத்துடும். 13 வயசுக்குக் கீழ இருந்தா அவங்களோட இன்னொரு ஆப் 'சீக்' போதும், அக்கவுன்ட் வேண்டாம், போட்டோவும் தானா எங்கயும் போகாது.

லொகேஷன் மட்டும் கவனம். வீட்டு வாசல்ல எடுத்தா வீடு மேப்ல தெரியும். 'அப்ஸ்க்யூர்டு' போட்டா இடத்த 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள (ஒரு பக்கம் சுமார் 20 கி.மீ.) மறைச்சிடும், ஆனா எல்லை சின்னதா வெச்ச ப்ராஜெக்ட்ல அந்தப் பதிவு சேராம போகலாம், அதனால ஸ்கூல் கிரவுண்ட், பார்க் மாதிரி பொது இடத்துல எடுக்கச் சொல்றதுதான் பெட்டர்.