ஜூபேங்க் பதிவேடு: புதிய கூன்வண்டுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடு ஜூபேங்க். விலங்குப் பெயரீட்டுக்கான சர்வதேச ஆணையம் 2008 முதல் நடத்தும் சேவை இது, கட்டணம் கிடையாது. 2012 தொடக்கத்திலிருந்து, இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையில் வரும் புதுப் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் இதில் பதிந்தே ஆக வேண்டும். மாற்றுச் சேவை எதுவும் இல்லை. எனவே பயன்படுத்தலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எதற்கு இதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதுதான் முக்கியம்.

ஆப்பிரிக்கக் கூன்வண்டுகளை வைத்துப் பார்ப்போம். தான்சானியாவின் கிழக்கு வளைவு மலைக் காடுகளில், இலைச் சருகுக்குள் வாழும் பறக்க முடியாத கூன்வண்டுகள் ஏராளம். பறக்காததால் ஒரு மலையின் வண்டு பக்கத்து மலைக்குப் போவதில்லை. மலைக்கொரு இனமாகப் பிரிந்துவிடுகின்றன. 2017-ல் லூபாங்கஸ் என்ற புதுப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) இங்கிருந்துதான் விவரிக்கப்பட்டது: கிழக்கு உசம்பரா, உலுகுரு, உட்சுங்வா மலைகளுக்கு ஒவ்வோர் இனம். இப்படிப்பட்ட கட்டுரையை ஜூபேங்கில் பதிய மொத்தம் ஐந்து பதிவுகள் ஆகும். கட்டுரைக்கு ஒன்று, பேரினத்துக்கு ஒன்று, இனங்களுக்கு மூன்று. பேரினத்தை முதலில் பதிந்தால்தான் இனங்களை அதன் கீழ் சேர்க்க முடியும்.

பதிவது கடினமில்லை. மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, ஆசிரியர் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். தேடாமல் சேர்த்தால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று அடையாள எண்கள் விழுந்துவிடும். பிறகு ஆய்விதழ், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை நிரப்பியதும் கட்டுரைக்கு நீண்ட எண் ஒன்று கிடைக்கும். அதைத் தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் எண் வேறெங்கோ போய் நிற்கும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆணையத்தின் பெயரீட்டு விதி கட்டாயமாகக் கேட்பது கட்டுரையின் பதிவைத்தான், இனப் பெயரின் பதிவை அல்ல. இனத்துக்கு எண் வாங்கிக் கையெழுத்துப் பிரதியில் ஒட்டிவிட்டு, கட்டுரையின் எண்ணை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இனப் பெயரையும் பதிவது நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் செல்லுபடியைத் தீர்மானிப்பது கட்டுரையின் பதிவு. பதிவு வெளியீட்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அது நடந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியான தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். எண்ணை எழுதுவதில் பிழை நேர்ந்தால், முன்பே உருவான பதிவோடு கட்டுரையை ஐயமின்றி இணைக்க முடிகிறவரை பெயர் பிழைக்கும். பதியவே மறந்திருந்தால் பிழைக்காது.

அடிக்கடி காலியாக விடப்படுவது காப்பகம் என்ற கட்டம். பதிப்பாளர் அல்லாத வேறொரு நிறுவனம் அந்த வெளியீட்டை நிரந்தரமாகப் பாதுகாக்கும் என்று, அதன் பெயரும் இணைய முகவரியும் பதிவில் இருக்க வேண்டும். கூடவே இதழின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இதை இதழ் அளவில் ஒருமுறை நிரப்பினால் போதும், ஆனால் சிறிய பல்கலைக்கழக இதழ்கள் பலவும் இதைச் செய்வதில்லை. கட்டுரை அனுப்பும் முன் அந்த இதழின் ஜூபேங்க் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஜூகீஸ் போன்ற இதழ்கள் பதிவு வேலையைத் தாங்களே செய்துவிடுகின்றன. கூன்வண்டு விவரிப்பில் முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்கு அப்படியோர் இதழையே பரிந்துரைக்கிறோம்.

முன்பதிப்பாக இணையத்தில் ஏறும் வடிவமும் ஒரு பொறி. இறுதி வடிவம் வருமுன் வெளியாகும் நகல் பெயரீட்டு விதிப்படி வெளியீடே அல்ல. அதை நம்பிப் பெயருக்கு முந்தைய ஆண்டைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி, இந்தச் சேவை செய்யாதவை. விவரிப்பு சரியா என்று ஜூபேங்க் பார்ப்பதில்லை. ஹோலோடைப் எனும் மூல மாதிரியை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்களா, அது எந்த ஊரில் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களா என்றும் சோதிப்பதில்லை. 1999-க்குப் பிறகு வைக்கப்படும் இனப் பெயருக்கு இவை இல்லாவிட்டால், எண் கையில் இருந்தும் பெயர் செல்லாது. பிற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகளையும் சொற்களில் எழுத வேண்டும், இனங்களின் உறவைக் காட்டும் டி.என்.ஏ. கிளைப்படத்தை மட்டும் ஒட்டிவைத்தால் போதாது.

கூன்வண்டில் அந்தப் பண்புகளை எழுதுவது தனி உழைப்பு. சருகு வண்டுகளின் உடலில் மண்ணும் செதில்களும் அப்பியிருக்கும். சுத்தம் செய்யாமல் பார்த்தால் முன்முதுகின் புள்ளிக்குழிகளே தெரியாது. உடல் நீளத்தை, தலைக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்குக்கொம்பை விட்டுவிட்டு அளப்பதே வழக்கம். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் அடுத்தவர் ஒப்பிட முடியாது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இனங்களைப் பெரும்பாலும் ஆண் உறுப்பின் வடிவம்தான் பிரித்துக் காட்டும். அதனால் ஹோலோடைப் ஆணாக இருப்பது நல்லது. வயிற்றுப் பகுதியை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துத் தசையை நீக்கி, உறுப்பைக் கிளிசரின் நிறைந்த நுண்குப்பியில் இட்டு, வண்டைக் குத்திய அதே ஊசியில் குத்திவைக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் உறுப்பு வெளிறி மென்மையாகி, வடிவம் குலைந்துவிடும். டி.என்.ஏ. வேண்டுமானால் காலொன்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டதா என்று பார்க்க ஜூபேங்கின் தேடலை மட்டும் நம்புவது ஆபத்து. பழைய பெயர்கள் எல்லாம் அதில் ஏறவில்லை. கூன்வண்டுக் குடும்பத்தில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பேரினப் பெயருக்கு 1999-ல் வெளியான கூன்வண்டுப் பேரினங்களின் உலகப் பட்டியலையும் அதற்குப் பின்வந்த திருத்தங்களையும் பாருங்கள். இனப் பெயருக்கு அந்தப் பேரினத்தின் பழைய கட்டுரைகளைப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பேரினப் பெயர் விலங்குலகம் முழுவதிலும் வேறெதற்கும் இல்லாததாக இருக்க வேண்டும். மீனுக்கோ நத்தைக்கோ அதே பெயர் இருந்தால் உங்கள் வண்டுக்கு அது கிடைக்காது.

சேவையாக மதிப்பிட்டால், விதி கேட்பதை ஜூபேங்க் இலவசமாகவும் நேர்மையாகவும் செய்கிறது. படிவங்கள் பழைய பாணியில் இருக்கின்றன, முதல்முறை வருபவருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கைபிடித்து வழிகாட்டும் துணை குறைவு. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு, மெய்ப்பு பார்க்கும் கட்டத்துக்கு முன் பதிந்துவிடுங்கள். வெளியான அன்றே திரும்பவும் உள்ளே போய், தொகுதி எண், பக்கங்கள், தேதி மூன்றையும் நிரப்புங்கள்.